தாத்தாப்பூச்சி போகும் திசை

விடிவதற்கு இன்னும் ஒன்றரை மணி நேரம் இருந்தது. மான் வேட்டைக்குப் போகப் பக்கத்து வீட்டுப் பெரியவரின் பிக்கப் வண்டியில் ஏறிக் கதவைச் சாத்தினேன். அவர் உடனே வண்டியை எடுக்கவில்லை. மூக்கை இரண்டு முறை உறிஞ்சிவிட்டு என் பக்கம் திரும்பினார். "உன் ஜாக்கெட்டில் சமையல் வாசனை இருக்கிறது. நல்ல வாசனைதான். ஆனால் மான் தூரத்திலேயே தெரிந்துகொண்டு திரும்பிப் போய்விடும்" என்றார்.

அவர் மனதில் ஒன்றும் இல்லை. மழை வரும்போல இருக்கிறது என்று சொல்வாரே, அதே குரல். எனக்குத்தான் சுருக்கென்றது. அமெரிக்காவின் மிச்சிகனுக்கு வந்த புதிதில் நாங்கள் இருந்த அடுக்குமாடிக் குடியிருப்பில் ஒரு நாள் கதவிடுக்கில் துண்டுச் சீட்டு ஒன்று செருகியிருந்தது. சமைக்கும்போது ஜன்னலைத் திறந்து வையுங்கள், நடை முழுக்க நாறுகிறது என்று எழுதியிருந்தார்கள். கீழே பெயர் இல்லை. அன்றைக்கு வீட்டில் வைத்தது வெறும் வெண்டைக்காய்ப் புளிக்குழம்பு. அதற்கப்புறம் பல மாதம் என் மனைவி கடுகை எடுக்கும் முன்னால் ஒருமுறை ஜன்னலைப் பார்ப்பாள். இப்போது 11 வருடமாகிவிட்டது. சொந்த வீடு, மகளுக்குப் பள்ளிக்கூடம், பனி தள்ளும் இயந்திரம் எல்லாம் வந்தாயிற்று. அந்தச் சீட்டை மறந்துவிட்டேன் என்றுதான் நினைத்திருந்தேன்.

நான் வில்லைத் தொட்டதற்குக் காரணம் அவரைக்கொடி. அம்மா பொட்டலம் கட்டிக் கொடுத்தனுப்பிய விதையைக் கொல்லையில் போட்டுப் பந்தல் கட்டினேன். பூ விட்ட வாரத்தில் ஒரே ராத்திரியில் மான்கள் அத்தனையையும் மொட்டையாக்கிவிட்டுப் போயின. வேலிக்கு அந்தப் பக்கம் நின்று பார்த்த பெரியவர், "புலம்பிப் பயனில்லை, வில் பிடிக்கக் கற்றுக்கொள்" என்றார். மின்சாரக் கம்பத்தில் ஏறி வேலை பார்த்து ஓய்வு பெற்றவர் அவர். நம்மூரில் லைன்மேன் என்போமே, அதே வேலை.

முதலில் எனக்கு மனம் ஒப்பவில்லை. நான் வளர்ந்தது போடிநாயக்கனூர். போடிமெட்டு மலையில் மிளா உண்டு. மானைத் தொட்டால் ஜெயில் என்பது எங்களுக்குப் பள்ளிக்கூடம் போகும் முன்பே தெரியும். 1972-ஆம் ஆண்டுச் சட்டத்தின் பெயர் தெரியாவிட்டாலும் வனத்துறை ஜீப்பின் சத்தம் தெரியும். இங்கே கதை வேறு. மிச்சிகனில் ஆண்டுக்கு 50,000-க்கும் மேற்பட்ட வண்டிகள் மானில் மோதுகின்றன. அரசே உரிமம் கொடுத்து வேட்டையாடச் சொல்கிறது. அக்டோபர் 1-ஆம் தேதி வில்லுக்குத் தொடக்கம், நவம்பர் 15-ஆம் தேதி துப்பாக்கிக்கு. நான் வகுப்புக்குப் போய், பரீட்சை எழுதி, உரிமம் வாங்கினேன்.

போனில் சொன்னபோது அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "வள்ளியம்மையைப் பெத்ததே ஒரு மானுதானடா" என்றாள். அதற்கு என்னிடம் பதில் இல்லை. "குட்டியோட வர்றதைத் தொடாதே" என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்தாள்.

பெரியவர் எனக்குக் கொடுத்தது ஒரு சேடில். குதிரைச் சேணத்தை நினைத்துக்கொள்ள வேண்டாம். இடுப்புக்கும் தொடைக்கும் பட்டையாக வரும் ஒரு வார்த்தொட்டில், அவ்வளவுதான். மரத்தைச் சுற்றிக் கட்டிய கயிற்றில் அதைக் கொக்கியால் மாட்டி, காலை ஒரு சின்னத் தட்டில் ஊன்றி, மரத்தைப் பார்த்தபடி பின்னால் சாய்ந்துகொள்ள வேண்டும். இங்கே பொது நிலத்தில் மரத்துக்குள் இறங்கும் ஆணியோ திருகோ அடிக்கக் கூடாது. அதனால் வாரால் இறுக்கிக் கட்டும் படிகளை ஒன்றன்மேல் ஒன்றாகக் கட்டிக்கொண்டே ஏறுவோம். தரையை விட்டுக் கால் எடுப்பதிலிருந்து திரும்பக் கால் வைக்கும் வரைக்கும் கயிறு உடம்போடு இருக்க வேண்டும். இதில் மட்டும் பெரியவர் ஒரு தடவைகூட விட்டுக்கொடுத்ததில்லை. முதல் நாள் 18 அடி உயரத்தில் அப்படிச் சாய்ந்தபோது, காலில் தளைநார் போட்டுப் பனையேறுகிறவர்கள்தான் நினைவுக்கு வந்தார்கள். அவர்களுக்கு இந்தக் கொக்கியும் கிடையாது, வாரும் கிடையாது.

சேடிலின் அருமை, மரமே மறைப்பாகிவிடுவதுதான். நாற்காலி போட்டு உட்காருகிறவன் மரத்துக்கு முன்னால் இருக்கிறான். சேடிலில் இருப்பவன் மரத்துக்குப் பின்னால். மான் வலப்பக்கம் வந்தால் நான் இடப்பக்கமாக நகர்வேன். அது சுற்றினால் நானும் சுற்றுவேன். நடுவில் எப்போதும் அடிமரம். சின்ன வயதில் ஓணானைத் துரத்தினால் அது மரத்தின் அந்தப் பக்கம் போய் ஒட்டிக்கொள்ளுமே, நாம் சுற்றினால் அதுவும் சுற்றுமே, அதே வித்தைதான். அந்த ஓணான் எவ்வளவு பொறுமையாக இருந்திருக்கும் என்பது எனக்கு இந்த வயதில்தான் விளங்கியது.

மானின் கண்ணை ஏய்ப்பது அவ்வளவு கடினமில்லை. அதன் கண் தலைக்கு இரண்டு பக்கமும் இருப்பதால் கிட்டத்தட்ட சுற்றுவட்டம் முழுக்கப் பார்க்கும், துளி அசைவையும் பிடித்துவிடும். ஆனால் சிவப்பும் ஆரஞ்சும் அதற்கு நிறமாகத் தெரியாது. நீலம்தான் பளிச்சென்று தெரியும். நம் கண் வடிகட்டிவிடும் புற ஊதா ஒளியும் அதன் கண்ணுக்குள் போகும். அதனால்தான் வெள்ளை வெளேரென்று காட்டும் சலவைத்தூளில் துவைத்த துணியைப் போட்டுக்கொண்டு வராதே என்பார் பெரியவர். அதைக் கேட்டதும் எனக்கு அப்பாவின் வேட்டி கண்முன் வந்தது. ஞாயிற்றுக்கிழமை அம்மா வாளியில் சொட்டு நீலம் விட்டு அலசிக் கொடியில் போடுவாள். வெயிலில் அந்த வேட்டி நீலம் பூத்து நிற்கும். அதைக் கட்டிக்கொண்டு அப்பா இந்தக் காட்டுக்குள் வந்திருந்தால் ஒரு மான்கூட நின்றிருக்காது.

வெட்டவெளி வானத்தை முதுகுக்குப் பின்னால் விடாதே, இலை இருக்கும் மரமாகப் பார்த்து ஏறு. அக்டோபர் கடைசியில் மற்ற மரமெல்லாம் உதிர்த்துவிட்டாலும் ஓக் மரம் காய்ந்த இலையைப் பிடித்து வைத்திருக்கும். வில்லை இழுப்பதானால் மானின் தலை ஏதாவதொரு மரத்துக்குப் பின்னால் போகும்போது இழு என்பார். இதெல்லாம் ஒரு வாரத்தில் கற்றுக்கொள்ளலாம். மூக்குதான் பிரச்சினை.

ஜாக்கெட்டில் வாசனை என்று அவர் சொன்ன அதே காலையில் ஒரு பெட்டைமான் வந்தது. 40 கஜம் இருக்கும். நான் மூச்சைக்கூட அளந்து விட்டுக்கொண்டிருந்தேன். அது என்னைப் பார்க்கவே இல்லை. நின்றது, மூக்கைத் தூக்கியது, முன்னங்காலால் தரையைத் தட்டியது. அப்புறம் சீறியது. மான் சீறும் என்பதே எனக்கு அதுவரைக்கும் தெரியாது. சைக்கிள் டியூபில் காற்று பிடுங்கினாற்போல ஒரு சத்தம். வெள்ளை வாலைக் கொடி மாதிரி உயர்த்திக்கொண்டு பாய்ந்தது. காட்டில் இருந்த மற்ற மான்களுக்கும் சேதி போய்விட்டது. அந்தச் சீட்டை எழுதியவர் மறுபடியும் எழுதினாற்போல இருந்தது எனக்கு.

அடுத்த ஒரு மாதம் என் உடம்பிலிருந்து வீட்டைக் கழுவினேன். வாசனையில்லாத சோப்பு வாங்கினேன். ஜாக்கெட்டை ஓக் சருகோடு சேர்த்து மூடி போட்ட பெட்டியில் அடைத்து வெளியே வைத்தேன். தேங்காய் எண்ணெயை நிறுத்தினேன். சனிக்கிழமை காட்டுக்குப் போவதால் வியாழக்கிழமையிலிருந்தே தாளிப்பு வேண்டாம் என்றேன். "ஏங்க, மானுக்காக நாம பெருங்காயத்தை விடணுமா?" என்று என் மனைவி கேட்டாள். அம்மா அனுப்பும் ஏலக்காயைத் தட்டிப் போட்டுத்தான் எங்கள் வீட்டில் டீ. அதையும் விட்டேன்.

ஒரு ராத்திரி மகளைத் தூங்க வைக்கும்போது அவள் என் தோளில் முகத்தை வைத்து முகர்ந்தாள். "அப்பா, உங்க மேல வாசனையே இல்லப்பா" என்றாள். பெரியவர் சொன்னதைவிட, அந்தச் சீட்டைவிட, அதுதான் என்னை உறுத்தியது. போடியில் அப்பா வீட்டுக்குள் நுழைந்தால் கண்ணை மூடிக்கொண்டே சொல்லிவிடலாம்: பஞ்சுத்தூசி, வேர்வை, சட்டைப்பையில் ஏலக்காய். என் மகளுக்கு அப்படி ஒரு அப்பா வாசனை வேண்டாமா?

இதைப் பெரியவரிடம் எப்படியோ உளறிவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. "நானும் சோப்பு போட்டுப் பார்த்தவன்தான். மான் மூக்கை எந்தச் சோப்பாலும் ஏமாற்ற முடியாது. நீ உன் வீட்டு வாசனையோடேயே வா. எந்தப் பக்கம் உட்காருகிறாய் என்பதை மட்டும் பார்" என்றார். பாதையோரம் நின்ற ஒரு செடியிலிருந்து காய்ந்த காயைப் பறித்துப் பிளந்தார். உள்ளே செதில் செதிலாக அடுக்கிய விதை, ஒவ்வொன்றின் தலையிலும் பட்டுப்போல வெள்ளைக் குஞ்சம். ஒன்றைக் கிள்ளிக் காற்றில் விட்டார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. தாத்தாப்பூச்சி! எருக்கங்காய் வெடித்துப் பறக்கிற அதே பஞ்சு. இங்கே அந்தச் செடிக்கு மில்க்வீட் என்று பெயர். எருக்குக்கும் அதற்கும் ஒரே குடும்பம். பச்சைக் காயைக் கிள்ளினால் அதே பால் வருகிறது. கண்ணில் பட்டால் கண் போய்விடும் என்று அம்மா அலறுவாளே, அந்தப் பால். நான் விரலை அவசரமாகப் பேன்ட்டில் துடைத்ததைப் பெரியவர் வினோதமாகப் பார்த்தார்.

அந்தப் பஞ்சு காட்டியது எனக்குப் புது உலகம். முகத்தில் படுகிற காற்று ஒரு பக்கம் போகும், 15 கஜம் தள்ளி அதே காற்று திரும்பி வேறு பக்கம் போகும். காலையில் வெயில் ஏற ஏறக் காற்றும் மேட்டைப் பார்த்து ஏறும். சாயங்காலம் குளிர்ந்ததும் தண்ணீர் மாதிரி சரிவில் வடிந்து ஓடைப் பள்ளத்தில் தேங்கும். மரத்தில் தொங்கியபடி ஒரு குஞ்சத்தை விட்டுவிட்டு, கண்ணுக்கு எட்டும் வரைக்கும் அது போகிற வழியைப் பார்த்துக்கொண்டிருப்பேன். என் வாசனை அந்த வழியேதான் போகிறது.

அப்பா இலவம்பஞ்சு வியாபாரி. இலவு காத்த கிளி என்று மற்ற ஊர்க்காரர்கள் கேலிக்குச் சொல்வார்கள். எங்கள் ஊரில் இலவுதான் சோறு போட்டது. கொட்டகைக்குள் வாயையும் மூக்கையும் துணியால் கட்டிக்கொண்டு ஆட்கள் பஞ்சு பிரிப்பார்கள். எவ்வளவு புழுக்கமானாலும் ஃபேன் போடக் கூடாது. கதவைத் திறக்கும் முன்னால் அப்பா வெளியே போய், கட்டைவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் நடுவே ஒரு சிட்டிகைப் பஞ்சை எடுத்து, தலைக்கு மேலே தூக்கி விடுவார். காற்று உள்ளே அடித்தால் கதவு திறக்காது. சாயங்காலம் மலையிலிருந்து குளிர்ந்த காற்று இறங்கும்போது அவர் அப்படி நிமிர்ந்து பார்த்துக்கொண்டு நிற்பார். புருவமெல்லாம் வெள்ளையாக இருக்கும். பெரியவர் குஞ்சத்தை விட்டபோது விரலை வைத்திருந்த விதம் அச்சு அசல் அதேதான். நான் கொஞ்ச நேரம் பேசாமல் நடந்தேன்.

வண்டிக்குத் திரும்பும் வழியில் இதைச் சொன்னேன். அவர் நின்றுவிட்டார். அப்புறம் ஒரு பழைய கதை சொன்னார். இரண்டாம் உலகப் போரில் ஜாவாவை ஜப்பான் பிடித்ததும் அமெரிக்காவுக்கு இலவம்பஞ்சு வருவது நின்றுபோனது. கடற்படைக்கு உயிர்காப்பு மேலங்கிக்குள் அடைக்க அந்தப் பஞ்சுதான் வேண்டும். தண்ணீரை வாங்காது, மிதக்கும். அதற்குப் பதிலாக என்ன செய்தார்கள் தெரியுமா? மில்க்வீட் காயைப் பொறுக்கச் சொன்னார்கள். இதே மிச்சிகனின் பெட்டோஸ்கி ஊரில் அந்தப் பஞ்சைப் பிரிக்கும் ஆலை இருந்தது. 1944-ல் பள்ளிக்கூடப் பிள்ளைகள் வெங்காயச் சாக்கு தூக்கிக்கொண்டு வயல் வரப்பெல்லாம் அலைந்து காய் சேர்த்தார்கள். இரண்டு சாக்கு ஓர் உயிரைக் காக்கும் என்பது அப்போதைய வாசகம். பெரியவரின் அம்மாவும் அப்படிப் பொறுக்கிய சிறுமிகளில் ஒருத்தி. என் அப்பாவின் சரக்கு வராமல் போனால் இவர் அம்மா சாக்கைத் தூக்குவாள் என்று ஒரு கணக்கு எனக்குள் ஓடியது. காலம் பொருந்தாது, அப்பா அப்போது பிறக்கவே இல்லை. ஆனாலும் அந்தக் கணக்கை விட மனம் வரவில்லை.

அடுத்த வருடம் நவம்பர் முதல் வாரம். அன்றைக்கு வீட்டில் தாளித்தார்கள், நானும் ஏலக்காய் டீ குடித்துவிட்டுத்தான் கிளம்பினேன். ஓடைக்கு மேலே ஒரு வெள்ளை ஓக் மரம். குஞ்சத்தை விட்டேன். அது என் முதுகுப்பக்கமாக, மான் தடம் இல்லாத பள்ளத்தைப் பார்த்து இறங்கிப் போனது. வெயில் சாய்ந்த நேரத்தில் சருகு நசுங்கும் சத்தம். முதலில் ஒரு தாய், கூடவே இரண்டு குட்டி. என் காலடியில் நின்று ஓக் கொட்டையைக் கடித்தன. அந்தக் கடிக்கும் சத்தம் எனக்குக் கேட்டது. தாய் ஒருமுறை மேலே பார்த்தது. நான் மரப்பட்டையில் கன்னத்தை ஒட்டிக்கொண்டு மரத்தோடு மரமாக இருந்தேன். மறுபடியும் குனிந்து தின்றது. அரை மணி நேரம் கழித்துத் தனியாக இன்னொரு பெட்டைமான் வந்தது. அதன் தலை மரத்துக்குப் பின்னால் போனதும் வில்லை இழுத்தேன். 17 கஜம். அறுபது எழுபது அடிதான் ஓடியது.

கீழே இறங்கிப் பக்கத்தில் உட்கார்ந்து அதன் கழுத்தில் கை வைத்தேன். சூடு இருந்தது. ராத்திரி அம்மாவுக்குப் போன் போட்டேன். "குட்டி இருந்துச்சா?" என்றாள். "தனியாத்தாம்மா வந்துச்சு." "சரி. வீணாக்காம சாப்பிடுங்க" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை பெரியவரையும் அவர் வீட்டம்மாவையும் சாப்பிடக் கூப்பிட்டோம். மிளகு இடித்து, சின்ன வெங்காயம் வதக்கி, கறிவேப்பிலை போட்டு என் மனைவி சுக்கா வறுத்தாள். வெளியே பனி தூவிக்கொண்டிருந்தது. ஜன்னலை யாரும் திறக்கவில்லை. பெரியவர் இரண்டாம் தடவையும் வாங்கிச் சாப்பிட்டார். அவருடைய வேட்டை ஜாக்கெட் மூன்று மணி நேரம் எங்கள் அடுப்படிக்குப் பக்கத்துக் கொக்கியிலேயே தொங்கியது. அதை யாரும் கவனிக்கவில்லை.

மறுநாள் விடியற்காலை அவரிடமிருந்து செய்தி வந்தது: "என் ஜாக்கெட் முழுக்க உங்கள் வீட்டு வாசனை. காற்று மேற்கிலிருந்து அடிக்கிறது. இன்றைக்கு நான் தடத்துக்குக் கிழக்கே இருக்கும் மரத்தில் ஏறுகிறேன்."