பார்படாஸுக்குப் பெட்டி கட்டுமுன்: லேமினேஷன், 115 வோல்ட், குக்கர் காஸ்கெட்

சென்னையும், கரீபியன் தீவான பார்படாஸின் தலைநகர் பிரிட்ஜ்டவுனும் ஏறக்குறைய ஒரே அட்சரேகையில், 13 டிகிரி வடக்கில் இருக்கின்றன. வெயில், புழுக்கம், தென்னை, கடல், இடதுபுறம் ஓடும் வண்டி, கிரிக்கெட் எல்லாம் அங்கேயும் உண்டு. "நம்ம ஊர் மாதிரிதானே" என்று அந்த நினைப்பிலேயே பெட்டி கட்டுவதுதான் எல்லாத் தப்புக்கும் ஆரம்பம். மருத்துவம் படிக்கப் போகிற பிள்ளையின் பெட்டியில் முதலில் சாம்பார் பொடி ஏறும். முதலில் ஏற வேண்டியவை காகிதங்கள்.

முதல் அடி விழுந்தது லேமினேஷனால். மார்க் ஷீட் கைக்கு வந்த அன்றே ஜெராக்ஸ் கடைக்கு ஓடி பிளாஸ்டிக் உறை போட்டுவிடுவது நம் வீட்டுப் பழக்கம். சான்றொப்பக் கவுன்டரில் அதைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. முத்திரையும் அப்போஸ்டில் (தாள் வெளிநாட்டில் செல்லுபடியாக ஒட்டும் சான்று) ஸ்டிக்கரும் தாளின் மேல்தான் விழ வேண்டும், உறையின் மேல் அல்ல. "பிரித்துக் கொண்டு வாங்க" என்று சொல்வதோடு அவர்கள் வேலை முடிந்தது. பிரிக்கவே பிரிக்காதீர்கள், மையும் சேர்ந்து உரிந்து வரும். டூப்ளிகேட் சான்றிதழுக்கு விண்ணப்பிப்பதுதான் வழி, அதற்கு வாரக்கணக்கு ஆகும். ஆகவே அட்மிஷன் வரும்வரை காத்திருக்காமல் பத்தாவது, பன்னிரண்டாவது மார்க் ஷீட், பிறப்புச் சான்றிதழ் மூன்றையும் இன்றே எடுத்துப் பாருங்கள். பெயரின் இனிஷியல் பாஸ்போர்ட்டில் விரிந்தும் மார்க் ஷீட்டில் ஒற்றை எழுத்தாகவும் இருந்தால், இரண்டும் ஒருவரே என்று ஒரு அஃபிடவிட்டும் கூடவே வேண்டும். வரிசை மாறக் கூடாது: மாநில அரசின் சான்று முதலில், வெளியுறவு அமைச்சகத்தின் அப்போஸ்டில் பிறகு. அமைச்சகம் தனிநபரிடம் நேரடியாகத் தாள் வாங்குவதில்லை, அங்கீகரித்த ஏஜென்சி வழியாகத்தான் போக வேண்டும். அது தெரியாமல் நேரே போனால் ஒரு நாள் வீண்.

நீட் மதிப்பெண் அட்டை, போலீஸ் சான்று ஆகியவை சிக்கலில்லாமல் வந்துவிடும். அதற்கும் முன்னால் ஒன்று. இந்தியா திரும்பி டாக்டராகப் பதிவு செய்யும் எண்ணம் இருந்தால், 2021-இல் வந்த வெளிநாட்டு மருத்துவப் பட்ட விதிகளைப் படிக்காமல் பெட்டியே வாங்க வேண்டாம். 54 மாதப் படிப்பு, 12 மாத இன்டர்ன்ஷிப், இரண்டும் அதே வெளிநாட்டுக் கல்லூரியில் என்று அவை கேட்கின்றன. "இரண்டு வருஷம் தீவில், மீதி அமெரிக்காவில்" என்கிற கரீபியன் திட்டங்கள் இந்த இடத்தில்தான் இடறும். இதை கன்சல்டன்ட் தானாகச் சொல்லமாட்டார்.

தடுப்பூசிக் கோப்பு அடுத்த கண்ணி. தட்டம்மை, மஞ்சள் காமாலை (ஹெபடைடிஸ் பி), சின்னம்மை மூன்றுக்கும் ஊசி போட்ட அட்டை மட்டும் போதாமல், ரத்தத்தில் எதிர்ப்புச் சக்தி இருக்கிறதா என்ற டைட்டர் அறிக்கையும் கேட்பார்கள். ஹெபடைடிஸ் பி ஊசியை முதலிலிருந்து போட்டால் மூன்று டோஸ் முடிய ஆறு மாதம். காசநோய்க்கான மான்டூ சோதனையில் நம் பிள்ளைகளில் பலருக்குத் தோல் தடித்துவிடும். பிறந்ததும் போட்ட பிசிஜி ஊசியே அதற்குக் காரணமாக இருக்கலாம். அதைப் பார்த்து அலற வேண்டாம். மார்பு எக்ஸ்ரே அறிக்கையையும், முடிந்தால் காசநோய்க்கான இக்ரா (IGRA) ரத்தப் பரிசோதனையையும் முன்கூட்டியே கோப்பில் வைத்துவிடுங்கள்.

வழி பெரும்பாலும் லண்டன். டிக்கெட் மலிவாக இருக்கிறதென்று பார்த்தால், சென்னை விமானம் இறங்குவது ஹீத்ரோ, பார்படாஸ் விமானம் கிளம்புவது கேட்விக் என்று இருக்கும். அப்படியென்றால் குடியேற்றம் தாண்டி வெளியே வந்து, பெட்டியை எடுத்து, ஊரைச் சுற்றிக்கொண்டு போக வேண்டும். அதற்கு வேறு டிரான்சிட் விசா. ஹீத்ரோவுக்குள்ளேயே மாறுவதற்கும் இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு டிரான்சிட் விசா உண்டு, ஆனால் அது வேறு வகை. ஒன்றை எடுத்து மற்றொன்றுக்கு நின்றால் சென்னை கவுன்டரிலேயே ஏற்றமாட்டார்கள். டிக்கெட்டில் நகரத்தின் பெயரைப் பார்க்காதீர்கள், விமான நிலையத்தின் பெயரைப் பாருங்கள்.

இனி மின்சாரம். அதிகமாகப் பணம் பாழாவது இதில்தான். பார்படாஸில் 115 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். சுவரில் அமெரிக்க மாதிரித் தட்டை முள் பிளக். செல்போன், லேப்டாப் சார்ஜரைத் திருப்பிப் பாருங்கள். "100-240" என்று பொடி எழுத்தில் இருந்தால் கவலையில்லை, பிளக் மாற்றி போதும். அந்த மாற்றியைக் கடையிலேயே சோதியுங்கள். "யுனிவர்சல்" என்று விற்கும் பல கட்டைகளில் நம் மூன்று உருண்டை முள் பிளக் இறங்கவே இறங்காது. அதைவிட நல்ல வழி, ரிச்சி ஸ்ட்ரீட்டில் லேப்டாப் சார்ஜரின் வயரை மட்டும் அமெரிக்க முள்ளோடு வாங்கிவிடுவது. செங்கல் மாதிரி இருக்கும் பகுதி அதேதான், சுவருக்குப் போகும் வால் மட்டும் மாறும்.

சூடாக்கும் சாமான் எதையும் எடுக்காதீர்கள். வோல்டேஜ் பாதியானால் சக்தி பாதியாகாது, கால்வாசியாகும். 1500 வாட் கெட்டில் அங்கே 375 வாட். நாலு நிமிஷத்தில் கொதிக்கிற தண்ணீருக்குக் கால் மணி நேரத்துக்கு மேல் நிற்க வேண்டும். ரைஸ் குக்கரில் அரிசி வேகாது, ஊறும். இண்டக்‌ஷன் அடுப்பு எர்ரர் காட்டிவிட்டு அணைந்துகொள்ளும். கொசுவிரட்டி மெஷினும் சூடேறாது. கொசுவலையை எடுங்கள், டெங்கு உள்ள தீவு. மிக்ஸி சுற்றும், ஆனால் தேங்காயைப் போட்டதும் திணறி நின்றுவிடும். டிரான்ஸ்ஃபார்மர் வைக்கலாம் என்று கடைக்காரர் சொல்வார். மிக்ஸியைத் தாங்குகிற அளவுக்கு வாங்கினால் கிலோக்கணக்கில் இரும்பைச் சுமக்க வேண்டும். அமெரிக்கா போகிறவர்களுக்கென்று சென்னையில் விற்கும் 110 வோல்ட் மிக்ஸி சரியாக ஓடும், 60 ஹெர்ட்ஸ் என்று எழுதியிருந்தாலும் பரவாயில்லை. அந்த வகை மோட்டாருக்கு ஹெர்ட்ஸ் பொருட்டல்ல. கிரைண்டருக்கு அந்தச் சலுகை இல்லை. 60 ஹெர்ட்ஸுக்குச் செய்த கிரைண்டர் அங்கே மெதுவாகச் சுற்றி, சூடேறும். 110 வோல்ட் மிக்ஸியை விடுமுறைக்கு ஊருக்குக் கொண்டுவந்து சொருகிவிடாதீர்கள், புகைதான் வரும்.

சமையலுக்கு மூன்று லிட்டர் குக்கர் ஒன்று, கூடவே அதே கம்பெனியின் இரண்டு காஸ்கெட், இரண்டு சேஃப்டி வால்வு. காஸ்கெட் தளர்ந்தால் அங்கே அளவுக்கு ஏற்றது கிடைக்காது, குக்கர் வெறும் பாத்திரமாகிவிடும். இரும்பு தோசைக்கல் வேண்டாம், உப்புக்காற்றில் ஒரு வாரம் எண்ணெய் காட்டாவிட்டால் துரு. அரிசி, பருப்பு, கொண்டைக்கடலை, மஞ்சள் தூள் கடையில் கிடைக்கின்றன, கறியும் ரொட்டியும் கரீபியனுக்குப் புதிதல்ல. சாம்பார் பொடி, ரசப்பொடி, பெருங்காயம், புளி, கொஞ்சம் வடகம் போதும். பொடியைக் கம்பெனி பாக்கெட்டிலேயே, பிரிக்காமல், பெயர் தெரிய வையுங்கள். அம்மா அரைத்த பொடியை வெள்ளைக் கவரில் கட்டி வைத்தால் சுங்கத்தில் பெட்டி முழுவதையும் பிரிப்பார்கள். பச்சைக் கறிவேப்பிலை, பழம், விதை எதுவும் அனுமதிச் சீட்டு இல்லாமல் கூடாது. கொப்பரை விமானத்தில் தீப்பிடிக்கும் சரக்கு, எடுக்கவே வேண்டாம். நெய்யும் ஊறுகாயும் செக்-இன் பெட்டியில், இரட்டை ஜிப் கவரில். பவர் பேங்க் மட்டும் நேர்மாறு, அது கைப்பையில்தான்.

துணிக்குச் சென்னை அலமாரியே போதும், ஏசி வகுப்புக்கு ஒரு ஸ்வெட்டர் சேர்த்து. ஒரே ஒரு எச்சரிக்கை: ராணுவச் சீருடை மாதிரித் திட்டுத் திட்டான (கேமஃப்ளாஜ்) டிசைன் சட்டை, தொப்பி, பை எதுவும் கூடாது. பார்படாஸில் அது சட்டப்படி குற்றம், குழந்தை போட்டிருந்தாலும் விதிவிலக்கு இல்லை. தி.நகர் பிளாட்பாரத்தில் வாங்கிய முதுகுப்பையைத் திருப்பிப் பாருங்கள், புரியும். குடையைவிட ரெயின்கோட் மேல், ஓயாத கடற்காற்று குடையைப் புரட்டிவிடும். தோல் ஷூ அலமாரியில் பூசணம் பிடிக்கும், சிலிக்கா ஜெல் பாக்கெட்டுகளைக் கடைகளில் தூக்கிப் போடும்போது கேட்டு வாங்கிச் சேர்த்து வையுங்கள். டர்க்கி டவலுக்குப் பதில் ஈரோட்டுத் துண்டு நாலு.

ஜூன் முதல் நவம்பர் வரை சூறாவளிக் காலம். 1955-க்குப் பிறகு சூறாவளியே தொடாத தீவு என்ற பெருமை 2021 ஜூலையில் எல்சாவோடு முடிந்தது. அதே ஆண்டு ஏப்ரலில் பக்கத்துத் தீவான செயின்ட் வின்சென்ட்டில் எரிமலை வெடித்து, சாம்பல் பார்படாஸ் வரை கொட்டியது. டார்ச், தண்ணீர் புகாத பை ஒன்று, என்95 மாஸ்க் ஐந்தாறு. எடை ஒன்றுமில்லை.

"மறந்ததைப் பிறகு கூரியரில் அனுப்பிக்கலாம்" என்று மட்டும் நினைக்காதீர்கள். கூரியர் கட்டணத்துக்கு மேல் சுங்கவரி, அதற்கு மேல் 17.5 சதவீத மதிப்புக்கூட்டு வரி (VAT). உபரிக் கண்ணாடி ஒன்றைச் செய்து, பவர் சீட்டோடு வையுங்கள். பல் வேலையை ஊரிலேயே முடித்துவிடுங்கள். பணத்தை அமெரிக்க டாலராக, சின்ன நோட்டுகளாக எடுங்கள். ஒரு அமெரிக்க டாலருக்கு இரண்டு பார்படாஸ் டாலர், 1975 முதல் மாறாத கணக்கு.

கடைசியாக இந்திய சிம். கிளம்பும் முன் சர்வதேச ரோமிங்கைத் திறந்து, ஒரு மெசேஜ் வருகிறதா என்று விமான நிலையத்திலிருந்தே சரிபாருங்கள். தீவில் இறங்கிய பிறகு ஓடிபி வராவிட்டால், அதைத் திறப்பதற்கும் ஒரு ஓடிபி கேட்பார்கள்.