மொட்டை மாடியில் ஒரு ஊதாங்குழல்

1 நவம்பர் 2025, சனி

ராஜ்யோத்சவ விடுமுறை. பெங்களூர் அல்சூரில் எங்கள் தெருமுனையில் மஞ்சள் சிவப்புக் கொடி ஏற்றி, காலையிலிருந்தே ஒலிபெருக்கியில் பாட்டு. அந்தச் சத்தத்தில் நான் டிரம்மில் துளை போடுவது யார் காதிலும் விழாது என்று மொட்டை மாடிக்குப் போனேன்.

டிரம் பழையது. அடியில் கரிக்கூடை, நடுவில் தண்ணீர்த் தட்டு, மேலே கம்பி வலை, மூடியில் ஒரு புகைபோக்கி. போன வருடம் இதில் பலமுறை கறியைப் புகையிலேயே வேகவைத்திருக்கிறேன். ஒவ்வொரு முறையும் ஆறேழு மணி நேரம் பக்கத்தில் உட்கார்ந்து காவல். அமெரிக்கச் சமையல் குறிப்புகளில் 225 என்று இருக்கும், ஃபாரன்ஹீட். நம் கணக்கில் 107 டிகிரி. கரியை அந்த 107-இல் நிறுத்துவதற்குள் ஞாயிற்றுக்கிழமை முடிந்துவிடும். காற்றுத் துளையை ஒரு விரல் திறந்தால் 140, மூடினால் 85.

ஆகவே இந்த மாதம் ஒரு கட்டுப்பாட்டுப் பெட்டி. சூட்டை அளக்க ஒரு சென்சார், யோசிக்க ஆர்டுயினோ என்ற ஒரு குட்டிக் கணினிப் பலகை, கரியை ஊத ஒரு சின்ன ஃபேன். ஆம்பூருக்கு ஃபோன் போட்டு அம்மாவிடம் விளக்கினேன். "ஊதாங்குழலுக்குக் கரண்டு குடுக்கப் போற, அவ்ளோதானே?" என்றாள்.

8 நவம்பர், சனி

எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த எஸ்.பி. ரோடு. ஆர்டுயினோ நானோ, சூட்டை அளக்கும் சென்சாராகக் கே வகை தெர்மோகப்பிள், அதைப் படிக்க மேக்ஸ் 6675 போர்டு, ஊத 12 வோல்ட் புளோயர் ஃபேன், ஒரு டயோடு. ஃபேனுக்கு மின்சாரத்தைத் திறந்து மூடும் மாஸ்ஃபெட் மட்டும் எழுதிக்கொண்டு போகவில்லை. ஐ.ஆர்.எஃப். 540 கேட்டேன். கல்லாவில் இருந்த பையன் தமிழிலேயே, "ஆர்டுயினோவுக்கா சார்? அப்ப எல் போட்டத எடுங்க" என்று ஐ.ஆர்.எல்.இசட். 44 என்-ஐ எடுத்து வைத்தான். அவன் சொன்னது சரி. 540-க்கு ‘கேட்’ என்ற அதன் கட்டுப்பாட்டுக் காலில் 10 வோல்ட் கொடுத்தால்தான் முழுசாகத் திறக்கும். ஆர்டுயினோ தருவது 5. அரைகுறையாகத் திறந்து சூடாகிக்கொண்டே இருந்திருக்கும்.

12 நவம்பர், புதன்

இரவு பதினொன்றரை. சென்சார் முனையை விரலால் பிடித்தால் திரையில் சூடு குறைகிறது. லைட்டரைக் காட்டினால் இன்னும் குறைகிறது. குளிர்சாதனப் பெட்டியைக் கண்டுபிடித்துவிட்டேனோ என்று ஒரு கணம் நினைத்தேன்.

சிவப்பு ஒயர் என்றால் பிளஸ் என்று கை தானாகப் போய்விட்டது. அமெரிக்க வண்ண முறையில் கே வகைக்கு மஞ்சள்தான் பிளஸ், சிவப்பு மைனஸ். மாற்றி முடுக்கினேன். தூங்கப் போகிறேன்.

15 நவம்பர், சனி

சென்சாரைச் சரிபார்த்த நாள். ஐஸ் தண்ணீரில் 1.5 காட்டியது. கொதிக்கும் தண்ணீரில் 98.5. இங்கேதான் ஏமாந்திருப்பேன். 100 வரவேண்டும், ஒன்றரை குறைகிறது என்று கூட்டியிருந்தால் தப்பு. பெங்களூர் கடல் மட்டத்திலிருந்து 900 மீட்டருக்கு மேல் இருக்கிறது. இங்கே தண்ணீர் 97 டிகிரியிலேயே கொதித்துவிடும். ஆக, இரண்டு முனையிலும் ஒன்றரை அதிகம். கழித்துவிட்டேன்.

16 நவம்பர், ஞாயிறு

முதல் தீ. கறி இல்லாமல்.

107 என்று வைத்தேன். புளோயர் முழு வேகத்தில் ஊத, இருபதே நிமிடத்தில் தொட்டது. அப்புறம் 115. ஃபேன் நின்றுவிட்டது, ஆனாலும் 130. கடைசியில் 151 வரை போய், இறங்க ஒன்றரை மணி நேரம்.

பாதிக் காரணம் புரோகிராமில். இலக்குக்கு எவ்வளவு குறைகிறது என்று பார்த்து ஃபேன் வேகத்தை முடிவுசெய்யும் பி.ஐ.டி. முறையில் ‘ஐ’ என்பது இதுவரை இருந்த குறையைக் கூட்டிக்கொண்டே வரும். பச்சைக் கரியிலிருந்து ஏறும் இருபது நிமிடமும் குறைதானே? எல்லாம் சேர்ந்து மலையாகி, 107-ஐத் தாண்டிய பிறகும் "ஊது, ஊது" என்றது. இலக்குக்குப் பத்து டிகிரி நெருங்கும்வரை கூட்டாதே என்று ஒரு வரி எழுதினேன். மறுபடி பற்றவைத்தேன். 138. மாலை முழுக்க எண்களை மாற்றி மாற்றிப் போட்டதுதான் மிச்சம்.

19 நவம்பர், புதன்

அம்மா வந்திருக்கிறாள். மாடிக்குக் கூட்டிப்போய்க் காட்டினேன். நின்றுபோன ஃபேன் முன்னால் கையை வைத்துப் பார்த்தாள். அப்புறம் ஊதுபத்தி ஒன்றைப் பற்றவைத்து அங்கே பிடித்தாள். புகை வளைந்து உள்ளே போனது.

"ஊதறத நிறுத்துனா ஆச்சா? இதோட வாயை யாருடா மூடுவா?"

சூடான புகை மேலே போகப் போக, புகைபோக்கி கீழிருந்து காற்றை இழுக்கத்தான் செய்யும். ஃபேன் சும்மா இருந்தாலும் அதன் இதழ் இடுக்கு திறந்த துளைதான். கரியைக் குளிரவைக்க என் பெட்டியில் ஒன்றுமே இல்லை. இதை மூன்று நாளாகக் கணினியில் தேடினேன் என்பதை அம்மாவிடம் சொல்லவில்லை. தம் பிரியாணிக்கு மூடி ஓரத்தை மாவால் ஒட்டி, மேலே கங்கு போட்டு, அடியில் விறகை இழுத்துக் குறைத்து வளர்ந்தவள்.

இந்த பி.ஐ.டி.யே அப்படி வந்ததுதான். கப்பலில் சுக்கான் பிடிக்கிறவர்கள் கைப்பழக்கத்தில் செய்வதைக் கவனித்துத்தான் நிக்கோலஸ் மினோர்ஸ்கி 1922-இல் அதைக் கணக்காக எழுதினார். ஆம்பூர் பக்கம் வந்திருந்தால் வேலை சீக்கிரம் முடிந்திருக்கும்.

22 நவம்பர், சனி

புளோயர் வாய்க்கு ஒரு தகர மடல், அதைத் திருப்ப சின்ன சர்வோ மோட்டார். பிளாஸ்டிக் பல் வேண்டாம் என்று உலோகப் பல் உள்ளதாக வாங்கினேன். அதையும் டிரம்மிலிருந்து ஒரு அடி இரும்புக் குழாய் தள்ளித்தான் வைத்தேன். துத்தநாகம் பூசாத குழாய். பூச்சு உள்ளதைத் தீக்குப் பக்கத்தில் வைத்தால் அந்தப் புகை ஆகாது. பழைய காற்றுத் துளைகளை எல்லாம் அடைத்தாயிற்று.

23 நவம்பர், ஞாயிறு

நான்கு மணி நேரம். 104-க்குக் கீழே இறங்கவில்லை, 111-ஐத் தாண்டவில்லை!

மூடியைத் திறந்தால் மட்டும் தகராறு. சூடு சரசரவென்று விழும், பெட்டி பதறிப்போய் ஊதும், மூடியபின் எகிறும். அரை நிமிடத்தில் 15 டிகிரி விழுந்தால் ஐந்து நிமிடம் மடலை மூடிக்கொண்டு சும்மா இரு என்று எழுதிவிட்டேன்.

30 நவம்பர், ஞாயிறு

ரசல் மார்க்கெட்டில் ஆட்டு முன்சந்து, எலும்போடு இரண்டு கிலோ. உப்பு, மிளகு, இஞ்சி பூண்டு. கரிமேல் இரண்டு கொய்யாக் கட்டை. காலை ஏழரைக்கு ஏற்றினேன்.

பதினொரு மணிக்குக் கறிக்குள் 68 டிகிரி. பன்னிரண்டுக்கும் 68. ஒரு மணிக்கு 69. டிரம் 107-இல்தான் நிற்கிறது, கறி மட்டும் நகரவில்லை. மண்பானைத் தண்ணீர் குளிர்வதும் இதுவும் ஒன்றுதான்: கறியின் ஈரம் ஆவியாகிப் போகப் போக, ஏறுகிற சூட்டையெல்லாம் கொண்டுபோய்விடும். ஈரம் குறைந்தால் தானாக ஏறும். நடுவில் கரண்ட் போனது. ரவுட்டருக்கு வாங்கிய 12 வோல்ட் குட்டி யு.பி.எஸ்.ஸில் பெட்டி ஓடியது. அதனால் வீட்டில் வைஃபை இல்லை, என் அலுவலக நண்பர் ஒருவர்தான் கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பார்த்திருக்கிறார்.

நாலரைக்கு 93. எலும்பைத் திருகியதும் கழன்று வந்தது. அம்மா ஒரு துண்டை முகர்ந்து, "உங்க பாட்டி அடுப்புக்கு மேல கட்டுவாளே உப்புக்கண்டம், அந்த வாசனை. காரம்தான் பத்தல" என்றாள். அடுத்த வாரம் பிரியாணி அண்டாவை இதற்குள் வைக்க முடியுமா என்று டிரம்மின் விட்டத்தை முழம் போட்டு அளந்துகொண்டிருக்கிறாள்.

கீழ் வீட்டு ஆன்ட்டி காயப்போட்ட பெட்ஷீட் முழுக்கக் கொய்யாப் புகை. ஒரு கிண்ணம் கறி கொடுத்தனுப்பினோம். கிண்ணம் இன்னும் திரும்பி வரவில்லை.