பாத் வரிசை எங்கே குலைகிறது? ஷெல் நாட்குறிப்பு

மார்ச் 4

ஷெல் என்பது நாம் தட்டும் கட்டளைகளை ஓட்டும் நிரல். அது நிரல்களைத் தேடும் அடைவுகளின் வரிசையே பாத், ஒரு சூழல் மாறி (நிரல்களுக்குக் கிடைக்கும் பெயரிட்ட மதிப்பு). ~ என்பது நம் ஹோம் அடைவு. லினக்ஸ், மேக், ஃப்ரீபிஎஸ்டி மூன்றுக்கும் பொதுவான சூழல் மாறிகளை ~/.ப்ரொஃபைலில் மட்டும் வைப்பதே நல்லது. அலியாஸ் (கட்டளைக்கான சுருக்கப்பெயர்), ப்ராம்ப்ட் (கட்டளைக்கு முன் தோன்றும் குறி) போன்றவை .பாஷ்ஆர்சியிலேயே இருக்கட்டும்.

பாஷ் என்ற ஷெல், லாகின் ஷெல்லாக, அதாவது கணினியில் உள்நுழையும்போது தொடங்கும் ஷெல்லாகத் திறக்கும்போது /இடிசி/ப்ரொஃபைலைப் படிக்கும். பிறகு .பாஷ்_ப்ரொஃபைல், .பாஷ்_லாகின், .ப்ரொஃபைல் என்ற வரிசையில் முதலில் கிடைக்கும் ஒன்றோடு நிறுத்திக்கொள்ளும். ஏதாவது ஒரு மென்பொருளின் நிறுவல் ஸ்கிரிப்ட் .பாஷ்_ப்ரொஃபைலைப் புதிதாக உருவாக்கிவிட்டால் போதும், நம் .ப்ரொஃபைலை யாரும் தொடமாட்டார்கள், பிழைச்செய்தியும் வராது. .பாஷ்_ப்ரொஃபைலுக்குள் ஒரு புள்ளி, ஒரு இடைவெளி, ~/.ப்ரொஃபைல் என்று ஒரு வரி எழுதினால் சரியாகிவிடும்.

மார்ச் 6

மேக்கில் 2019-இல் வந்த கேட்டலினா முதல் புதிய கணக்குகளுக்கு இயல்பு ஷெல் இசட்-ஷெல்தான். அங்கே டெர்மினல் செயலி ஒவ்வொரு சாளரத்தையும் லாகின் ஷெல்லாகத் திறக்கிறது. லினக்ஸ் டெர்மினல்கள் பெரும்பாலும் அப்படிச் செய்வதில்லை.

இசட்-ஷெல் படிக்கும் வரிசை: ~/.இசட்ஷென்வ், /இடிசி/இசட்ப்ரொஃபைல், ~/.இசட்ப்ரொஃபைல், பிறகு ~/.இசட்ஷ்ஆர்சி. இரண்டாவதாக வரும் கோப்பு பாத்_ஹெல்பரை ஓட்டுகிறது. அது /இடிசி/பாத்ஸில் உள்ள அடைவுகளை முன்னால் வைத்து, ஏற்கெனவே இருந்ததைப் பின்னால் தள்ளும். .இசட்ஷென்வில் ~/பின்னை முதலில் சேர்த்திருந்தாலும், அது /யுஎஸ்ஆர்/பின்னுக்குப் பின்னால் போய்விடும். ~/பின்னில் சொந்தமாக ஒரு கிட் வைத்திருந்தாலும் /யுஎஸ்ஆர்/பின்னில் உள்ளதே ஓடும். இந்த வரிசையில் ~/.ப்ரொஃபைலும் இல்லை. ஆகவே மேக்கில் பாத்தை ~/.இசட்ப்ரொஃபைலில் எழுதுங்கள்.

மார்ச் 7

நேற்றைய குறிப்பின் தொடர்ச்சி. ஒரே அடைவு இருமுறை சேராமலிருக்க, “ஏற்கெனவே இருந்தால் சேர்க்காதே” என்று கேஸ் நிபந்தனை போடும் வழக்கம் உண்டு. மேக்கில் டிமக்ஸுக்குள் (ஒரே டெர்மினலில் பல ஷெல்களை நடத்தும் நிரல்) அதுவே காலை வாரும். டிமக்ஸ் இயல்பாகவே லாகின் ஷெல்லைத் திறக்கும். பாத்_ஹெல்பர் மறுபடி ஓடி ~/பின்னைப் பின்னுக்குத் தள்ளும். நிபந்தனையோ “இருக்கிறதே” என்று விட்டுவிடும். இதற்கு இசட்-ஷெல்லில் அழகான வழி இருக்கிறது: சிற்றெழுத்து பாத் அணிக்கு டைப்செட் -யு (பேரெழுத்து யு) கொடுத்துவிட்டு, ~/பின்னை முன்னால் சேர்த்து அணியை மறுபடி எழுதுங்கள். இரட்டிப்புகளில் முதலாவது நிற்கும், பின்னால் இருப்பது கழன்றுவிடும்.

மார்ச் 10

ஃப்ரீபிஎஸ்டியில் ரூட்டின் (நிர்வாகிக் கணக்கு) இயல்பு ஷெல் நெடுங்காலம் சி-ஷெல், 14.0-இலிருந்து எஸ்ஹெச். சி-ஷெல்லில் செட்என்வ் எழுதும்போது சமக்குறி கிடையாது. எல்லாப் பயனர்களுக்குமான மாறிகளை /இடிசி/லாகின்.கான்ஃபில் வைக்கலாம். திருத்திய பின், அதைத் தரவுக்கோப்பாக மாற்றும் கேப்_எம்கேடிபி கட்டளையை ஓட்ட மறந்தால், பழைய தரவுக்கோப்பே பயன்பாட்டில் இருக்கும்.

மார்ச் 13

கையால் ஓட்டினால் வேலை செய்யும் ஸ்கிரிப்ட் கிரானில் (குறித்த நேரத்தில் வேலைகளை ஓட்டும் சேவை) விழுகிறதா? கிரான் .ப்ரொஃபைலைப் படிப்பதில்லை, பாத்தும் மிகக் குறுகியது. கிரானின் அட்டவணைக் கோப்பான கிரான்டேபில் “பாத்=$ஹோம்/பின்:$பாத்” என்று எழுதினால் டாலர் விரியாது, அந்த எழுத்துகளே மதிப்பாகிவிடும். முழுப் பாதையையும் எழுதவேண்டும். லினக்ஸில் சேவைகளைத் தொடங்கும் சிஸ்டம்டியின் யூனிட் கோப்பில் உள்ள என்விரான்மென்ட் வரியிலும் டாலர் விரியாது.

கிரானுக்குக் காத்திருக்காமல் சோதிக்கலாம்: வெற்றுச் சூழலில் ஓட்டும் என்வ் -ஐ என்று தொடங்கி, ஹோம், பாத் இரண்டை மட்டும் கொடுத்து, எஸ்ஹெச் வழியாக ஸ்கிரிப்டை ஓட்டுங்கள். எந்த மாறி இல்லாமல் தடுமாறுகிறது என்பது அப்போதே தெரிந்துவிடும்.