முதலாண்டு உயிரியலை ஓர் இரத்தச் சிவப்பணுவிலிருந்து தொடங்குதல்

பாலக்காடு மாவட்டத்தின் கிழக்கோரத்தில், சித்தூர், கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் போன்ற ஊர்களிலிருந்து வரும் மாணவர்களுக்குப் பொது உயிரியலின் அறிமுகப் பாடத்தை நான் நடத்தி வருகிறேன். பத்தாம் வகுப்பு வரை தமிழ்வழியில் படித்தவர்களும், மலையாளவழியில் படித்தவர்களும், அட்டப்பாடி மலையிலிருந்து வந்து விடுதியில் தங்கியிருப்பவர்களும் ஒரே வகுப்பில் அமர்கிறார்கள். 2024-இல் கேரளத்தில் நான்காண்டுப் பட்டப்படிப்பு நடைமுறைக்கு வந்த பின், பிற துறைகளைச் சேர்ந்தவர்களும் இத்தகைய தொடக்கப் பாடங்களைத் தேர்ந்தெடுக்கிறார்கள். அவர்களில் பலர் இதற்குப் பிறகு உயிரியலை வகுப்பறையில் சந்திக்கப் போவதில்லை.

பாடநூல்கள் மூலக்கூறு, செல், மரபியல், பரிணாமம், சூழலியல் என்ற வரிசையில் செல்கின்றன. வரிசையில் குறையில்லை, ஆனால் நான்காம் அலகைப் படிக்கும் மாணவருக்கு முதல் அலகு எதற்காக வந்தது என்பது நினைவில் இருப்பதில்லை. எனவே, அலகுகளை மாற்றாமல், முதல் வாரத்திலேயே அரிவாள் செல் சோகை என்னும் பரம்பரை இரத்த நோயை எடுத்துக்கொண்டு, பெரும்பாலான அலகுகளில் அதனிடமே திரும்பி வருகிறேன். அட்டப்பாடியிலும் வயநாட்டிலும் பழங்குடி மக்களிடையே காணப்படும் நோய் என்பதால், அதன் பெயரை எங்கள் மாணவர்கள் முன்பே கேட்டிருக்கிறார்கள்.

சிவப்பணுவில் ஆக்சிஜனைச் சுமக்கும் புரதமான ஹீமோகுளோபினின் பீட்டா சங்கிலியில் 146 அமினோ அமிலங்கள் உள்ளன. ஆறாவது இடத்தில் குளுடாமிக் அமிலத்துக்குப் பதிலாக வேலின் வந்துவிடுவதுதான் இந்நோயின் தொடக்கம், டி.என்.ஏ.வில் அடினின் இருக்க வேண்டிய ஓரிடத்தில் தைமின் இருப்பதே அதற்குக் காரணம். குளுடாமிக் அமிலம் மின்னூட்டமுள்ளது, நீரோடு இணங்குவது. வேலினோ நீரை விலக்குவது. ஆக்சிஜனை விட்டுவிட்ட ஹீமோகுளோபின் மூலக்கூறுகள் அந்த வேலின் வழியாக ஒன்றோடொன்று ஒட்டி நீண்ட இழைகளாகின்றன. இழைகள் சிவப்பணுவை அரிவாள் வடிவத்துக்கு வளைக்கின்றன. வளைந்த அணுக்கள் நுண்குழாய்களை அடைப்பதால் கடும் வலி உண்டாகிறது. ஏறத்தாழ 120 நாள் வாழ வேண்டிய அணு பத்து இருபது நாளிலேயே சிதைந்துவிடுவதால் சோகையும் சேர்ந்துகொள்கிறது. அமினோ அமிலங்களின் பக்கத் தொகுதிகளை மனப்பாடம் செய்யச் சொன்னால் சலித்துக்கொள்ளும் மாணவர்கள், இவ்விடத்தில் தாமாகவே அட்டவணையைப் புரட்டிப் பார்ப்பதைக் கண்டிருக்கிறேன்.

நோயுற்றவரின் ஹீமோகுளோபின் மின்புலத்தில் வேறு விதமாக நகர்வதை லைனஸ் பாலிங்கும் அவருடன் பணியாற்றியவர்களும் 1949-இல் காட்டினார்கள். அந்த வேறுபாடு ஒரே ஓர் அமினோ அமிலத்தில் அடங்கியிருப்பதை வெர்னன் இங்க்ராம் 1956-57-இல் கண்டறிந்தார். இதற்கிடையே, 1952-இல், எங்களுக்கு அருகிலுள்ள நீலகிரியின் பழங்குடியினரிடையே இந்த அரிவாள் செல் பண்பு இருப்பது பதிவாகியிருந்தது. பாலக்காட்டு வகுப்பில் இந்த ஆண்டைத் தவறாமல் சொல்கிறேன்.

மரபியல் அலகில் கணக்கு எளிது: தாய், தந்தை இருவரும் இப்பண்பைத் தாங்கியவர்களானால் (அதாவது, மாறிய மரபணுவின் ஒரு பிரதியை மட்டும் கொண்டவர்களானால்), ஒவ்வொரு பேற்றிலும் குழந்தைக்கு நோய் வரும் வாய்ப்பு நான்கில் ஒன்று, பண்பை மட்டும் தாங்கும் வாய்ப்பு இரண்டில் ஒன்று. கடினமான கேள்வி அதற்குப் பிறகுதான் வருகிறது. உயிரைப் பறிக்கக்கூடிய ஒரு மரபணு, தலைமுறைகள் பல கடந்தும் ஏன் மறையவில்லை? மாறிய மரபணுவின் ஒரு பிரதியை மட்டும் தாங்கியவர்களுக்குக் கடுமையான மலேரியாவிலிருந்து பாதுகாப்புக் கிடைக்கிறது என்பதை ஆந்தனி அலிசன் 1954-இல் கிழக்கு ஆப்பிரிக்க ஆய்வுகளின் வழியே எடுத்துரைத்தார். வயநாடு ஒரு காலத்தில் மலேரியாவுக்கே பேர்போன நிலம் என்பதைப் பாட்டன் பாட்டி சொல்லக் கேட்டவர்கள் வகுப்பில் இருப்பார்கள். இயற்கைத் தேர்வு என்பது வலியவன் வெல்வது என்ற பள்ளிக்காலப் பதிவு இங்கேதான் கலைகிறது. ஒரே மரபணு ஒரு சூழலில் காப்பாகவும் வேறொரு சூழலில் சுமையாகவும் அமையலாம் என்பதை அவர்கள் உணர்கிறார்கள்.

ஒரு விஷயத்தில் மட்டும் நான் மிகக் கண்டிப்பாக இருக்கிறேன். எந்த மாணவரிடமும், அவர் குடும்பத்தில் யாருக்கேனும் இந்நோய் உண்டா என்று வகுப்பில் கேட்கக் கூடாது. பிறரையும் கேட்க விடக் கூடாது. ஆப்பிரிக்கா, அரபு நாடுகள், மத்திய இந்தியா என்று இது பரவியிருக்கும் நிலப்பரப்பைப் படத்தில் காட்டிய பிறகே அட்டப்பாடியின் பெயரைச் சொல்கிறேன். ஒரு சமுதாயத்தின் மீது நோயின் முத்திரை விழுவதற்கு எங்கள் பாடம் காரணமாகிவிடக் கூடாது.

தாவரங்களுக்கு இந்த எடுத்துக்காட்டு உதவாது. ஒளிச்சேர்க்கைக்கு நெல்லையும் மக்காச்சோளத்தையும் அருகருகே வைக்கிறேன். வெப்பமும் வறட்சியும் மிகும்போது நெல் தன் இலைத்துளைகளை மூடுகிறது. உள்ளே கார்பன் டை ஆக்சைடு குறையக் குறைய, அதைப் பிடிக்க வேண்டிய ரூபிஸ்கோ நொதி ஆக்சிஜனைப் பற்றிக்கொண்டு, உழைப்பின் ஒரு பகுதியை வீணாக்குகிறது. மக்காச்சோளமோ கார்பனை முதலில் நான்கு கார்பன் சேர்மமாகப் பிடித்து, உள்ளடுக்குச் செல்களில் அந்நொதியைச் சுற்றிச் செறிவாக விடுவிப்பதால் அந்த இழப்பைப் பெரும்பாலும் தவிர்க்கிறது. மார்கழியில் பாலக்காட்டுக் கணவாய் வழியே வறண்ட கிழக்குக் காற்று வீசும்போது இவ்விரண்டில் எது கூடுதலாகத் தடுமாறும், ஏன் என்பதே அந்த அலகின் முதல் கேள்வி.