ஐப்பசியில் நட்டால்தான் சித்திரையைத் தாண்டும்

மரம் நடுவது என்றதும் பலருக்கும் ஜூன் 5, சுற்றுச்சூழல் தினம்தான் நினைவுக்கு வரும். கத்திரி வெயில் முடிந்து ஒரு வாரம் ஆகியிருக்கும், அவ்வளவுதான். படம் எடுக்க நல்ல நாள். கன்றுக்குக் கெட்ட நாள். சென்னையிலிருந்து ராமநாதபுரம் வரை கடலோரத்துக்கு மழை என்றால் அது வடகிழக்குப் பருவமழைதான். சென்னையின் ஆண்டு மழையில் ஏறக்குறைய 60 சதவீதம் அக்டோபர் முதல் டிசம்பருக்குள் பெய்துவிடுகிறது. எனவே புரட்டாசிக் கடைசியிலிருந்து ஐப்பசிப் பாதிக்குள் கன்று மண்ணில் இருக்க வேண்டும். கார்த்திகைக் கடைசியில் நட்டால், வேர் பையளவு மண்ணைத் தாண்டும் முன்பே மழை நின்றுவிடும். பிறகு மாசி வெயிலில் குடத்தைத் தூக்கிக்கொண்டு அலைய வேண்டியதுதான்.

குழியை ஆவணியிலேயே எடுத்து ஆறப்போடுங்கள். நீளம், அகலம், ஆழம் மூன்றும் 2 அடி. மேல் ஒரு அடி மண்ணை ஒரு பக்கமும் அடிமண்ணை மறுபக்கமும் கொட்டுங்கள். மேல்மண் இரண்டு பங்கு, மக்கிய தொழுஉரம் ஒரு பங்கு, கரையானுக்காக வேப்பம் புண்ணாக்கு கால் கிலோ. பச்சைச் சாணம் வேண்டாம். சூட்டில் வேர் கருகும், கரையானும் தேடி வரும்.

களிமண் நிலத்தில் இயந்திரத்தால் குழி எடுத்தால் பக்கச்சுவர் சட்டிபோல் வழவழப்பாகிவிடும். வேர் அதைத் துளைக்காமல் உள்ளேயே சுற்றும், மழைநீரும் இறங்காது. கடப்பாரையால் சுவரை நாலா பக்கமும் குத்திக் கீறிவிடுங்கள். நடும் முன் குழி நிறையத் தண்ணீர் விட்டுப் பாருங்கள். ஒரு நாள் கழித்தும் நின்றால் அங்கே குழி வேண்டாம்; ஒன்றரை அடி மேடு கட்டி அதன்மேல் நடுங்கள். பருவமழையில் சாகும் கன்றுகளில் பல காய்ந்து சாவதில்லை, மூழ்கித்தான் சாகின்றன.

அடுத்தது பை. பையோடு நடுபவர்கள் இன்றும் இருக்கிறார்கள். பிளேடால் பையை நீளவாக்கில் கிழித்து, மண் கட்டி உடையாமல் எடுத்து, அடியைத் திருப்பிப் பாருங்கள். நர்சரியில் ஓராண்டுக்கு மேல் கிடந்த கன்று என்றால், வெளுத்த வேர்கள் பையின் அடியில் பிரிமனைபோலச் சுருண்டிருக்கும். அந்த அடிப்பகுதியை அரை அங்குலம் அறுத்துத் தள்ளுங்கள். பக்கவாட்டில் சுற்றும் வேர்களையும் இரண்டு மூன்று இடத்தில் கீறிவிடுங்கள். பாவம் பார்த்தால், அதே சுருள் மரத்தோடு சேர்ந்து பருத்துத் தன் கழுத்தையே இறுக்கும். ஆணிவேரும் இறங்காது, பக்கவேரும் பரவாது; ஒரு புயல் போதும். 2016 டிசம்பர் 12 அன்று வர்தா வந்தபோது சென்னைத் தெருக்களில் மரங்கள் குப்புறக் கிடந்ததற்கு, வேர் ஓட இடம் விடாத சிமென்ட் தளமும் ஒரு காரணம். ஆகவே நடைபாதை ஓரம் நட்டால் தண்டைச் சுற்றி 4 அடிக்கு 4 அடியாவது மண் தெரிய விடுங்கள்.

பையில் மண் எந்த மட்டத்தில் இருந்ததோ அது தரைக்குச் சமமாக நிற்கட்டும். தண்டில் மண்ணைக் குவித்தால் பட்டை அழுகும். ஊன்றுகுச்சியை மண் கட்டிக்கு வெளியே, காற்று வரும் வடகிழக்குப் பக்கம் அடித்து, சணலால் எட்டு வடிவில் தளர்வாகக் கட்டுங்கள். பிளாஸ்டிக் கயிறு ஒரே ஆண்டில் பட்டைக்குள் புதைந்துவிடும். கன்றைச் சுற்றிய பாத்திக் கரையை மழைக்காலத்தில் நீர் வடிய ஒரு பக்கம் வெட்டிவிட்டு, மார்கழியில் மூடுங்கள்.

என்ன நடலாம்? கடலோர மணலுக்குப் புங்கை, பூவரசு. நீர் தேங்கும் இடத்துக்கு நீர்மருது, நாவல். வீட்டு முற்றத்துக்கு மகிழம். வீட்டின் மேற்குப் பக்கம் நட்டால் பிற்பகல் வெயில் சுவரில் ஏறாது. வெற்றிடம் நிறைய இருந்தால் பனங்கொட்டையை நேரடியாக ஊன்றிவிடுங்கள். பனை முளை முதலில் கீழேதான் போகும், இலை பல மாதம் கழித்தே தெரியும். அதனால் பையில் வளர்த்துப் பிடுங்கி நடுவது வீண் வேலை.

கரியமிலக் கணக்கையும் சொல்லிவிடலாம். காய்ந்த மரத்தின் எடையில் சுமார் பாதி கார்பன். 100 கிலோ உலர்ந்த மரம் என்றால் காற்றிலிருந்து சுமார் 180 கிலோ கார்பன் டை ஆக்சைடை இழுத்திருக்கிறது என்று பொருள். முழங்கால் உயரக் கன்றில் அந்தக் கணக்கு சில பத்து கிராம்தான். ஆயிரம் கன்று நட்டோம் என்ற எண்ணிக்கையைவிட, மூன்றாம் ஆண்டில் எத்தனை நிற்கின்றன என்பதே கேட்க வேண்டிய கேள்வி. நிழலும், மழைநீரை மண்ணுக்குள் இறக்கும் வேலையும் அப்போதுதான் தொடங்குகின்றன.

தை பிறந்ததும் தினம் ஒரு சொம்பு ஊற்றுவதை விட்டு, வாரம் இரண்டு முறை 15 லிட்டர் ஊற்றுங்கள். மேலோட்டமாக நனைத்தால் வேரும் மேலேயே நிற்கும். காய்ந்த சருகை நாலு அங்குலம் பரப்பி, தண்டிலிருந்து நாலு விரல் தள்ளி வையுங்கள். மாசி, பங்குனியில் புங்கை இலை உதிர்த்தால் செத்துவிட்டதென்று பிடுங்க வேண்டாம். தண்டை நகத்தால் லேசாகக் கீறிப் பாருங்கள்; உள்ளே பச்சை தெரிந்தால் தண்ணீரை நிறுத்தாதீர்கள். மேல்பகுதி காய்ந்திருந்தாலும் அடியிலிருந்து துளிர்க்கும்.