கன்டெய்னர் எழுந்துவிட்டது, வால்ட் எழவில்லை

எங்கள் டீமில் டேட்டாபேஸ் பாஸ்வேர்ட் எங்கே இருக்கிறது என்று கேட்டால் நாலு பேர் நாலு இடத்தைக் காட்டுவார்கள். கோடு சேமிக்கும் கிட்டில் தெரியாமல் ஏறிப்போன என்வ் (செட்டிங்ஸ்) ஃபைல், வாட்ஸப்பில் யாரோ யாருக்கோ அனுப்பியது, வேலையை விட்டுப் போனவரின் நோட்பேட். ஒருநாள் அதை மாற்ற வேண்டி வந்தபோது, மாற்றினால் எதெல்லாம் படுத்துக்கொள்ளும் என்று ஒருவருக்கும் தெரியவில்லை. "ஹாஷிகார்ப் வால்ட் போட்டுவிடலாம், பாஸ்வேர்டையெல்லாம் ஒரே இடத்தில் பூட்டி வைக்கும் சாஃப்ட்வேர் அது" என்று நான்தான் வாயைக் கொடுத்தேன், அதனால் வேலையும் என் தலையில் விழுந்தது.

முதல் நாள் ரொம்ப சுலபமாகப் போனது. சாஃப்ட்வேரை கன்டெய்னர் என்ற தனிப் பெட்டிக்குள் ஓடவிடும் டாக்கரில் ஒரே ஒரு வரி அடித்தேன், 8200 போர்ட்டில் வால்ட் வந்து நின்றது, எல்லா உரிமையும் உள்ள ரூட் டோக்கனும் லாகிலேயே அச்சாகியிருந்தது. (பழைய பாடங்களில் இருக்கும் வெறும் 'வால்ட்' என்ற இமேஜை, அதாவது கன்டெய்னருக்கான அச்சை, எடுக்காதீர்கள், 1.14-இலிருந்து அதற்குப் புதுப்பதிப்பு வருவதில்லை. ஹாஷிகார்ப் பெயரில் இருப்பதுதான் வேண்டும்.) இரண்டு நாள் உட்கார்ந்து எல்லாப் பாஸ்வேர்டையும் உள்ளே போட்டேன். மூன்றாம் நாள் கன்டெய்னரை ரீஸ்டார்ட் செய்தால் உள்ளே ஒன்றுமே இல்லை, துடைத்துவிட்ட மாதிரி. எதுவும் சொல்லாமல் ஓடவிட்டால் அந்த இமேஜ் டெவ் மோடில், அதாவது சோதித்துப் பார்ப்பதற்கான முறையில் ஓடும், டெவ் மோடில் எல்லாமே மெமரியில்தான் இருக்கும். லாகில் எச்சரிக்கை கொட்டை எழுத்தில் இருந்தது. நான் டோக்கனை மட்டும் காப்பி செய்துகொண்டு மேலே போயிருந்தேன்.

சரி என்று ஒழுங்காக கான்ஃபிக் ஃபைல் எழுதி, டிஸ்கில் சேமிக்கும் ராஃப்ட் ஸ்டோரேஜ் போட்டு, சர்வர் மோடில் ஏற்றினேன். உடனே '8200 ஏற்கெனவே பயன்பாட்டில் இருக்கிறது' என்று விழுந்தது. யார் அந்த போர்ட்டைப் பிடித்திருக்கிறார்கள் என்று அரை நாள் தேடினேன், ஒருவரும் இல்லை. கடைசியில் கன்டெய்னர் எழும்போது முதலில் ஓடும், இமேஜின் என்ட்ரிபாயின்ட் ஸ்கிரிப்டைத் திறந்து படித்த பிறகுதான் புரிந்தது: வால்ட் ஃபோல்டருக்குள் இருக்கும் கான்ஃபிக் ஃபோல்டரை அதுவே படித்துவிடும். நான் ஃபைலை அங்கேயே மவுண்ட் செய்துவிட்டு, கன்டெய்னரை எப்படி ஓட்டுவது என்று எழுதும் கம்போஸ் ஃபைலிலும் அதே பாதையைக் கொடுத்திருந்தேன். ஒரே கான்ஃபிக் இரண்டு தடவை ஏறி, வால்ட் தன்னோடு தானே சண்டை போட்டுக்கொண்டிருந்தது.

அடுத்தது பெர்மிஷன் டினைட். கன்டெய்னருக்குள் வால்ட் ரூட்டாக ஓடாது, யூசர் எண் 100-ஆக ஓடும். கான்ஃபிக், லாக்ஸ், ஃபைல் என்ற மூன்று ஃபோல்டருக்கு மட்டும் அந்த ஸ்கிரிப்டே உரிமையை மாற்றிக் கொடுக்கும், நானோ டேட்டா என்று புதிதாக ஒன்று வைத்திருந்தேன். யார் வேண்டுமானாலும் படிக்கலாம், எழுதலாம் என்ற 777 போட்டுவிடலாம் என்று கை ஊறியது, ரகசியம் வைக்கும் இடத்துக்கே 777-ஆ என்று எனக்கே வெட்கமாக இருந்ததால் ஓனரை 100-க்கு மாற்றினேன், சரியானது. மெமரியில் இருப்பது டிஸ்குக்குப் போகாமல் பிடித்துவைக்கும் எம்லாக்கைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை: ராஃப்ட் என்றால் அதை டிசேபிள் செய்யத்தான் டாக்குமென்டிலேயே சொல்கிறார்கள், பதிலுக்கு கன்டெய்னர் ஓடும் மெஷினான ஹோஸ்டில், மெமரியை டிஸ்குக்குத் தள்ளும் ஸ்வாப்பை அணைத்துவிட வேண்டும்.

அப்புறம் இனிட், அதாவது வால்ட்டை முதல்முறை தயார் செய்வது. வால்ட் ஐந்து சாவித் துண்டுகள் கொடுக்கும், அதில் எந்த மூன்று சேர்ந்தாலும் திறக்கும். கிரிப்டோகிராஃபர் அடி ஷமீர் 1979-இல் சொன்ன கணக்கு இது, இரண்டு துண்டை வைத்துக்கொண்டு தலைகீழாக நின்றாலும் ஒன்றும் தெரியாது. இவ்வளவு அழகான விஷயத்தை நான் என்ன செய்தேன் என்றால், ஐந்தையும் ஒரே டெக்ஸ்ட் ஃபைலில் போட்டு அதே சர்வரில் வைத்தேன். சீனியர் அக்கா பார்த்துவிட்டு, "பூட்டு தொங்குற ஆணியிலேயே சாவியையும் மாட்டிட்டியா?" என்றார். அன்று மாலையே ஐந்து துண்டும் ஐந்து பேரிடம் போனது.

யார் எதைப் படிக்கலாம் என்று எழுதும் பாலிசியில் ஒரு நாள் போனது. பாஸ்வேர்டுகள் உட்காரும் கேவி ஸ்டோரின் இரண்டாம் பதிப்பில், கமாண்டில் நாம் கொடுக்கும் பாதை வேறு, பாலிசியில் எழுத வேண்டிய பாதை வேறு, நடுவில் 'டேட்டா' என்று ஒரு சொல் சேர வேண்டும். சேர்க்காவிட்டால் அனுமதியில்லை என்ற 403 மட்டும் வரும், காரணம் வராது.

ஒரு மாதம் நன்றாக ஓடியது. பிறகு ஒரு ராத்திரி இரண்டு மணிக்கு, கெர்னல் பேட்சுக்காக ஹோஸ்ட் ரீபூட் ஆனது. ரீஸ்டார்ட் பாலிசி போட்டிருந்ததால் கன்டெய்னர் தானாக எழுந்தது, டாக்கரும் எல்லாம் நலம் என்றது. ஆனால் ஆப் எதுவும் ஏறவில்லை. ஹெல்த் பாதையைத் தட்டிப் பார்த்தால் 503. வால்ட் சீல் ஆகியிருந்தது, அதுதான் அதன் இயல்பு: ப்ராசஸ் ஒருமுறை நின்று எழுந்தால், மூன்று மனிதர்கள் வந்து திறக்கும்வரை உள்ளே இருப்பது அதற்கே தெரியாது. கன்டெய்னர் என்றாலே செத்துச் செத்துப் பிழைப்பது, இந்த இரண்டையும் நான் ஒரே தட்டில் வைத்திருக்கிறேன் என்று அந்த நேரத்தில்தான் உறைத்தது.

என் துண்டு இருந்தது. அக்கா இரண்டாவது ரிங்கில் எடுத்தார். மற்ற மூவரில் ஒருவர் திருவிழாவுக்கு ஊருக்குப் போயிருந்தார், சிக்னல் இல்லை. ஒருவர் போன் சைலன்ட். மிச்சமிருந்த அண்ணன் பன்னிரண்டாவது தடவை எடுத்தார்.

"தம்பி, மணி என்னன்னு தெரியுமா?"

"அண்ணா, உங்க சாவி வேணும்."

"அவ்வளவுதானா? இரு, வாட்ஸப்ல அனுப்புறேன்."

எந்த வாட்ஸப்பிலிருந்து தப்பிக்க இத்தனையும் செய்தோமோ, அதே வாட்ஸப். வேண்டாம் என்று கெஞ்சி, லேப்டாப்பைத் திறக்க வைத்து, விபிஎன் பாஸ்வேர்டை அவர் மறந்து, அதை ரீசெட் செய்து, அவர் கையாலேயே துண்டை அடிக்க வைத்தபோது மணி நாலு பத்து.

அதன் பிறகு கிளவுடில் சாவியைக் காத்துவைக்கும் கேஎம்எஸ் சேவையை வைத்து, வால்ட் தானே திறந்துகொள்ளும் ஆட்டோ அன்சீலுக்கு மாறினோம், 2018-இல் வந்த வால்ட் 1.0-இலிருந்து அது இலவசப் பதிப்பிலும் உண்டு. இதிலும் பயமில்லாமல் இல்லை. அந்த கேஎம்எஸ் சாவியை யாராவது அழித்துவிட்டால் ஐந்து துண்டும் சேர்ந்தாலும் வால்ட் திறக்காது, அதனால் அதை அழிக்கும் உரிமையை எல்லோரிடமிருந்தும் பிடுங்கிவிட்டேன், என்னிடமிருந்தும். ஆப்புக்கு வால்ட்டுக்குள் நுழைய பாஸ்வேர்ட் மாதிரி ஒரு சீக்ரெட் ஐடி வேண்டும், அதை எங்கே வைப்பது என்ற பழைய கேள்வி மட்டும் இன்னும் முழுதாகத் தீரவில்லை. இப்போது அதற்குக் குறுகிய ஆயுள் கொடுத்திருக்கிறேன், திருடு போனாலும் சீக்கிரம் செத்துவிடும்.

போன வாரம் மறுபடி ஒரு ரீபூட். சில நொடிகளில் எல்லாம் சரி என்ற 200 வந்தது, யாரையும் எழுப்பவில்லை. காலையில் அண்ணன், "இனிமே என் சாவி தேவையில்லைல்ல, தூக்கிப் போட்டுடவா?" என்று கேட்டார். பழைய துண்டுகள்தான் இப்போது ரெக்கவரி சாவிகள், புது ரூட் டோக்கன் எடுக்க இன்னும் மூன்று பேர் வேண்டும் என்று விளக்கினேன். அப்படியா என்று கேட்டுவிட்டு போனைப் பார்த்தார். அது சைலன்டில்தான் இருந்தது.