பூட்டன் செத்ததற்கு என்ன ஆதாரம்?

பூட்டன் எழுதி வைத்த உயிலின் நகல் போன வாரம் ஒருவழியாகக் கைக்கு வந்தது. சென்னையிலிருந்து ஊருக்கு நான்கு நடை. அதில் முதல் இரண்டு சுத்த வீண், பாதிக் குற்றம் என்மேல்தான்.

அப்பாவின் டிரங்குப் பெட்டியில் 1962-ஆம் வருடத்துப் பாகப்பிரிவினைப் பத்திரம் ஒன்று கிடந்தது. தாத்தாவும் அவர் தம்பிகளும் பிரித்துக்கொண்டது. அதில், 'எங்கள் தகப்பனார் 1944-ஆம் வருஷம் எழுதி ரிஜிஸ்தர் செய்திருக்கும் உயிலின்படி' என்று ஒரு வரி, நம்பரோடு. குடும்பத்தின் வேர் தேடக் கிளம்புகிறவர்கள் முதலில் வீட்டுப் பத்திரங்களில் இந்த மாதிரி வரியைத்தான் தேட வேண்டும். ஒரு பத்திரம் தனக்கு முந்தையதைக் காட்டிக் கொடுத்துவிடும். எங்களுக்கோ பூட்டன் பெயரும், பாம்பு கடித்துச் செத்தார் என்ற கதையும் தவிர எதுவும் தெரியாது. அவருடைய அப்பா பெயர்கூட.

நான் செய்த முதல் முட்டாள்தனம், பத்திரப் பதிவு ஆபீசில் வில்லங்கம் போட்டது. காத்திருந்து வாங்கினால், அந்த வருடத்துக்கு ஒன்றுமே இல்லை என்று வந்தது. வில்லங்கச் சான்று, கிரயம், அடமானம் போன்றவை ஏறும் 1-ஆம் புத்தகம் என்ற பதிவேட்டைப் பார்த்து எழுதுவது. உயில் 3-ஆம் புத்தகத்தில் கிடக்கும். வாசலில் உட்கார்ந்திருந்த பத்திர எழுத்தர் இதை டீ குடித்துக்கொண்டே சொன்னார். பணம் கட்டுவதற்கு முன்னால் அவரிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

அடுத்த நடையில் நகல் மனுவோடு போனேன். சீட்டில் இருந்த அம்மா பத்திரத்தைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. "வாரிசுச் சான்று இருக்கா? அப்ப கொண்டு வாங்க." 1908-ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டத்தின் 57-ஆம் பிரிவை அச்செடுத்துக் கையோடு வைத்திருந்தேன். உயில் எழுதியவர் உயிரோடு இருக்கும்வரை நகல் அவருக்கோ அவருடைய ஏஜெண்டுக்கோ மட்டும்தான். அவர் இறந்த பிறகு யார் கேட்டாலும் கொடுக்கலாம். வாரிசாக இருக்க வேண்டும் என்று எங்கும் இல்லை. பெருமையாக நீட்டினேன்.

அவர் நிதானமாகப் படித்தார்.

"சரி சார். இவர் இறந்ததுக்கு என்ன ஆதாரம்?"

"உயில் எழுதியே எண்பது வருஷம் ஆச்சு மேடம்."

"இருக்கட்டும். சட்டத்துல அப்படித்தானே போட்டிருக்கு? நீங்களே கொண்டு வந்திருக்கீங்க."

பதில் சொல்ல முடியவில்லை. பஸ்ஸில் திரும்பும்போதுதான் அவர் சொன்னதில் தப்பில்லை என்று உறைத்தது. முதலில் வாரிசுச் சான்று கேட்டு விரட்டியதை மட்டும் இன்னும் மன்னிக்கவில்லை.

இறப்புப் பதிவைத் தேட வருடம் வேண்டும். எங்கள் வீட்டில் பூட்டனுக்கு ஆடி மாதத் தேய்பிறை தசமியில் திதி. மாதம் தெரியும், திதி தெரியும், வருடத்தை மட்டும் ஒருவரும் ஞாபகம் வைக்கவில்லை. வருஷா வருஷம் கும்பிட அது தேவைப்படவில்லை, அவ்வளவுதான். அண்ணன் சொன்னதை நம்பி 1946 முதல் 1948 வரை தேடச் சொல்லி மனு போட்டேன். அதுவும் தப்பான தாலுகாவில். எங்கள் ஊர் 2019 வரை திருநெல்வேலி மாவட்டம், இப்போது தென்காசி. நடுவில் தாலுகாவும் பிரிந்திருக்கிறது. பழைய பதிவேடுகள் தாய்த் தாலுகாவிலேயே நின்றுவிட்டன. இதைத் தபாலில் தெரிந்துகொள்ள இரண்டு மாதம் ஆனது.

கடைசியில் அத்தைதான் கைகொடுத்தாள். பூட்டனின் கருமாதிச் செலவு எழுதிய நோட்டு அவளிடம் இருந்தது. பந்தல், வாழையிலை, கத்தரிக்காய், வெற்றிலை என்று தாத்தாவின் கையெழுத்தில் கணக்கு. மேலே 'விக்ருதி வருஷம்'. தமிழ் வருடப் பெயரை மட்டும் நம்பிவிடாதீர்கள். அறுபது வருடத்துக்கு ஒருமுறை அதே பெயர் வரும். விக்ருதி என்றால் 1890, 1950, 2010. நல்லவேளையாகப் பக்கத்திலேயே 'கொல்லம் 1125 ஆடி' என்றும் இருந்தது. எங்கள் பக்கத்துப் பழைய பத்திரங்களில் கேரளத்துக் கொல்லம் ஆண்டு சகஜம். ஆவணியில் பிறக்கும் ஆண்டு அது. ஆங்கில வருடம் வர, டிசம்பர் வரை 824-ஐயும், ஜனவரியிலிருந்து 825-ஐயும் கூட்ட வேண்டும். ஆக 1950.

இந்த முறை சரியான தாலுகா. ரிக்கார்டு ரூமில் இருந்த உதவியாளர் சலித்துக்கொள்ளாமல் தூசு தட்டி எடுத்துக் கொடுத்தார். ஒரே பெயரில் அந்த வருடம் மூன்று பேர். எங்கள் ஊரில் பாதிப் பேர் மாடசாமி, மீதிப் பேர் இசக்கி. தெருப் பெயரை வைத்துத்தான் பிடித்தோம். வயது சுமார் 70. காரணம்: ஜுரம். பாம்பைக் காணோம்.

அப்புறம் எல்லாம் மளமளவென்று நடந்தது. அதே அம்மா, அதே சீட்டு, பத்து நாளில் நகல்.

உயிலின் முதல் வரியிலேயே பூட்டனின் அப்பா பெயர், ஜாதி, தொழில், பூர்வீகம் ஸ்ரீவைகுண்டம் தாலுகா என்று எல்லாம் இருக்கிறது. மூன்றாம் பக்கத்தில் நாங்கள் யாரும் கேள்வியே படாத ஒன்று: 'என் மூத்த தாரத்து மகளுக்கு அரைக்கோட்டை விதைப்பாடு நஞ்சை'. அரைக்கோட்டை நெல் விதைக்கிற அளவு வயல். மூத்த தாரமா? 1962 பத்திரத்தில் அந்த நிலமும் இல்லை, அந்த மகளும் இல்லை.

அத்தைக்குப் போன் போட்டு அந்த வரியைப் படித்துக் காட்டினேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.

"அதையெல்லாம் எதுக்குய்யா இப்பம் தோண்டுத?" என்றாள். அந்த மகளின் பெயரை நான் இன்னும் அவளிடம் சொல்லவே இல்லை, அவளாகவே சொன்னாள்.